கழுத்தில் குத்தும் லேபிள்: கத்தரிக்கோல் ஏன் உதவுவதில்லை

புது டி-ஷர்ட். போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்காது, பிடரியில் ஏதோ உறுத்த ஆரம்பிக்கும். கையைப் பின்னால் விட்டுத் தடவினால் லேபிள். எல்லோரும் செய்வதைத்தான் நாமும் செய்வோம். சட்டையைக் கழற்றி, லேபிளைக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வோம். வேடிக்கை அதற்கப்புறம்தான். அதுவரை சொரசொரவென்று உரசிக்கொண்டிருந்தது, இப்போது ஊசி மாதிரி சுருக் சுருக்கென்று குத்தும். இன்னும் ஒட்ட வெட்டுவோம். இன்னும் மோசமாகக் குத்தும். கடைசியில் கோபத்தில் வெட்டும்போது சட்டையின் கழுத்துத் தையலே கத்தரியில் மாட்டி, ஒரு ஓட்டை விழும். இப்படி நான் பாழாக்கிய பனியன்கள் நான்கைந்தாவது இருக்கும்.

வெட்டிய பிறகு ஏன் அதிகமாகக் குத்துகிறது என்று யோசித்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே விளங்கிவிடும்.

தென்னங்கீற்றிலிருந்து நீளமாக ஒரு ஈர்க்கை உருவி, அதன் நுனியைத் தோலில் வைத்து அழுத்திப் பாருங்கள். ஈர்க்கு வளைந்துகொடுத்துவிடும். அதையே அரை அங்குலத்துக்கு ஒடித்து அழுத்தினால் வளையாது, தோலுக்குள் இறங்கப் பார்க்கும். ஈர்க்கு அதேதான், நீளம்தான் குறைந்திருக்கிறது. ஒரு மெல்லிய கம்பியை நுனியில் அழுத்தி வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்ற கணக்கை லியோனார்டு ஆய்லர் என்ற கணிதமேதை 18ஆம் நூற்றாண்டிலேயே போட்டுவிட்டார். நீளம் பாதியானால் நான்கு மடங்கு விசை வேண்டும், மூன்றில் ஒரு பங்கானால் ஒன்பது மடங்கு. சலூனில் முடி வெட்டிக்கொண்டு வந்த அன்று சட்டைக்குள் விழுந்த துணுக்குகள் படுத்தும் பாடு நமக்குத் தெரியும். தலையில் நீளமாக இருந்தவரை அந்த முடி நம்மை ஒன்றும் செய்ததில்லை. லேபிளை ஒட்ட வெட்டும்போது நாம் செய்வதும் இதுதான். வளைந்துகொடுத்துக்கொண்டிருந்த ஒரு துண்டை, வளையவே முடியாத இரண்டு மில்லிமீட்டர் முள்வேலியாக மாற்றிவிடுகிறோம்.

தோலின் பக்கத்திலிருந்து இதை ஆராய்ந்தவர்கள் கம்பளிக்காரர்கள். கம்பளி ஸ்வெட்டர் போட்டால் அரிக்கிறது, எனக்கு அது அலர்ஜி என்று உலகம் முழுக்க மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டு ரோமத்தை நம்பிப் பிழைக்கும் ஆஸ்திரேலியாவுக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. 1980களில் அங்கே நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது என்னவென்றால், பெரும்பாலும் அது அலர்ஜியே அல்ல, வெறும் குத்தல். துணியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழையின் நுனி, வளையாமல் ஏறத்தாழ 75 மில்லிகிராம் எடையைத் தாங்கினால், அதாவது ஒரு சில அரிசி மணிகளின் எடையைத் தாங்கினால், தோலில் வலியை உணரும் நுண்ணிய நரம்பு முனைகள் விழித்துக்கொள்கின்றன. ரோமத்தின் தடிமன் 30 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டும்போது இந்தத் தொல்லை தொடங்குகிறது. இன்றும் கம்பளி வியாபாரத்தில் 30 மைக்ரானுக்குக் கீழே உள்ள இழைகள் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் தரம் பேசுகிறார்கள்.

அந்த ஆய்வுகளில் நமக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. கழுத்து, முன்கை மாதிரி மெல்லிய ரோமம் உள்ள தோலில்தான் இந்தக் குத்தல் தெரியும். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் தோல் தடிப்பு, அங்கே தெரியாது. கடையில் நாம் என்ன செய்கிறோம்? லேபிளை விரலால் தடவிப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்று வாங்கி வந்துவிடுகிறோம். தப்பான இடத்தில் சோதனை. லேபிளின் ஓரத்தை முழங்கைக்குக் கீழே, முன்கையின் உட்பக்கத்தில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் கழுத்திலும் உறுத்தும். வெயிலில் வியர்த்த கழுத்தில் இன்னும் கூடுதலாக உறுத்தும், ஏனென்றால் ஈரத்தோலில் உராய்வு அதிகம்.

சரி, லேபிளில் குத்துவது எது? எழுத்துள்ள நடுப்பகுதி அல்ல, ஓரம். நெய்த லேபிள் ஒன்றை எடுத்து, மொபைல் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துகள் இருக்கும் முகம் பட்டு மாதிரி வழவழப்பாக இருக்கும். இரண்டு ஓரங்களிலும் மட்டும் மெழுகு உருகி உறைந்த மாதிரி ஒரு விளிம்பு தெரியும். சிலவற்றில் அது ரம்பப்பல் போலவே இருக்கும். காரணம், செய்யும் முறை. மலிவான லேபிள்களை ஒவ்வொன்றாக நெய்வதில்லை. அகலமான தறியில், புடவை அகலத்துக்குப் பல லேபிள்களைப் பக்கம் பக்கமாக நெய்து, சூடான கம்பியாலோ கத்தியாலோ நீளவாக்கில் கிழித்துப் பிரிக்கிறார்கள். நூல் பாலியஸ்டர் என்பதால் வெட்டுப்பட்ட இடம் உருகி ஒட்டிக்கொள்ளும், பிசிர் வராது. பிசிர் வராமல் இருப்பது வியாபாரத்துக்கு நல்லது. ஆனால் தனித்தனி இழையாக இருந்தவரை மெல்லியதாக வளைந்த பாலியஸ்டர், உருகிச் சேர்ந்ததும் பிளாஸ்டிக் விளிம்பாகிவிடுகிறது. குறுகிய ரிப்பன் தறியில், வேட்டிக்கு இருப்பது போல இரண்டு பக்கமும் கரையோடு நெய்த லேபிள்களும் உண்டு. அவற்றின் ஓரம் மிருதுவாக இருக்கும். சூட்டுக்குப் பதில் அல்ட்ராசானிக் அதிர்வால் வெட்டினாலும் விளிம்பு கொஞ்சம் சாதுவாக வரும். விலை கூடும், அவ்வளவுதான்.

மடிப்பிலும் விஷயம் இருக்கிறது. நடுவில் மடித்து, வெட்டுமுனை இரண்டையும் தையலுக்குள் விட்ட லேபிளில், கீழே தொங்குவது மடிந்த வளைவு. அது அவ்வளவாகப் படுத்தாது. ஒற்றைத் துண்டாக மேல்முனை மட்டும் தையலில் மாட்டி, கீழ்முனை வெட்டுப்பட்டபடி தொங்கும், துவைக்கும் முறை சொல்லும் வாஷ்கேர் லேபிள்தான் கொடுமைக்காரன். அதே லேபிள் காலர் வைத்த சட்டையில் இருந்தால் நமக்கு உறைக்கவே உறைக்காது. அங்கே அதை முதுகுப்பட்டைத் துணியில் பரத்தி வைத்து நாலு பக்கமும் அடித்திருப்பார்கள், கழுத்துக்கும் அதற்கும் நடுவில் காலர்ப்பட்டை வேறு இருக்கும். டி-ஷர்ட்டில் இரண்டு பாதுகாப்பும் கிடையாது. தையற்கடைக்காரர் தன் கடைப் பெயர் போட்டுச் சட்டைக்குள் தைத்துத் தரும் சின்ன லேபிள் யாரையும் அரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பிறகு ஏன் விடாப்பிடியாகக் கழுத்தில் வைக்கிறார்கள்? பிராண்டு பெயர் கண்ணில் பட வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று சட்டம். அமெரிக்காவில் 1958இல் வந்த ஜவுளி இழைச் சட்டம், துணியில் என்ன இழை எத்தனை சதவீதம், இறக்குமதிச் சரக்கு என்றால் எந்த நாட்டில் செய்தது என்று சொல்லச் சொன்னது. துவைக்கும் முறையையும் சொல்ல வேண்டும் என்ற விதி 1971இல் வந்தது. சட்டை, பனியன் வகைகளில் எந்த நாட்டில் செய்தது என்ற லேபிள், கழுத்தின் உட்புறம் இரண்டு தோள் தையல்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சுங்கத்துறை வழக்கம். அதாவது, சரியாகப் பிடரி எலும்பு துருத்தும் இடம். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கைத் தைக்கும் திருப்பூர் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு இதில் சொந்த யோசனைக்கு இடமே கிடையாது. சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் கொடுத்த அளவில், பையர் அனுப்பிய லேபிளை, பையர் சொன்ன இடத்தில் வைத்து அடிக்க வேண்டும். உள்ளூர்க் கடைக்கு வரும் ஆடைகளும் அதே பழக்கத்தில் அதே இடத்தில் லேபிளோடு வருகின்றன.

துவைக்கும் குறிப்பு, ஆடை உழைக்கும் காலம் முழுக்க அழியாமல் இருக்க வேண்டும் என்றும் அந்த 1971 விதி சொல்கிறது. பருத்தி நாடாவில் அச்சடித்தால் மிருதுவாக இருக்கும், ஆனால் துவைக்கத் துவைக்க எழுத்து மங்கும், ஓரம் பிரியும். அதனால்தான் பாலியஸ்டர், நைலான், மேலே அச்சு பிடிப்பதற்கான பூச்சு. நூறு துவைப்புக்குத் தாங்க வேண்டும் என்று செய்த பொருள், கழுத்தையும் விட்டுவைக்காது.

சில ஆடைகளின் பக்கவாட்டுத் தையலில் ஒரு குட்டிப் புத்தகமே தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவில் துணியை எந்த நாட்டில் விற்கிறார்களோ அந்த நாட்டு மொழியில் இழையின் பெயர் இருக்க வேண்டும். இருபது நாடுகளுக்கும் சேர்த்து ஒரே சரக்காகத் தைத்தால், நூறு சதவீதம் பருத்தி என்ற ஒரே வரி இருபது மொழிகளில் ஐந்தாறு தாள்களில் வரும். அதன் ஏற்றுமதி மிச்சத்தை நாம் திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிப் போட்டுக்கொண்டு, பின்லாந்து மொழியால் இடுப்பில் குத்து வாங்குகிறோம்.

லேபிளே வேண்டாம், துணியிலேயே அச்சடித்துவிடலாமே என்ற யோசனை பரவலானது 2002இல், அமெரிக்காவின் ஹேன்ஸ் நிறுவனம் லேபிள் இல்லாத டி-ஷர்ட்டைக் கொண்டுவந்தபோது. மைக்கேல் ஜோர்டானை வைத்து விளம்பரம் செய்தார்கள். இப்போது நம் ஊர்க் கடைகளிலும் பாதி டி-ஷர்ட்டுகள் இப்படித்தான் வருகின்றன. தாளில் அச்சான எழுத்தைச் சூடான பிரஸ்ஸில் சில நொடி அழுத்தித் துணிக்கு மாற்றுகிறார்கள், அல்லது ரப்பர் பேடால் நேரடியாக மை ஒற்றுகிறார்கள். ஓரம் இல்லை, தையல் இல்லை, குத்த ஒன்றும் இல்லை.

ஆனால் தோலுக்குப் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. 2008 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும், குழந்தை உடை விற்கும் கார்ட்டர்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு எச்சரிக்கை வெளியிட்டன. 2007 இலையுதிர்கால உடைகளில் இருந்த அச்சு லேபிளால் சில குழந்தைகளின் முதுகு மேற்பகுதியில் தடிப்பு வந்திருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட புகார்கள். பின்னணி முழுக்க மை நிரப்பிக் கட்டமாக அச்சடித்த லேபிள்களில்தான் சிக்கல், எழுத்து மட்டும் அச்சான வகையில் இல்லை. பாதிக்கப்பட்டது சிறு பகுதிக் குழந்தைகள்தான் என்றாலும் பாடம் தெளிவு. பெரிய அச்சுக்கட்டம் என்பது தோலோடு ஒட்டி வைத்த பிளாஸ்டிக் படலம். அதற்குக் கீழே வியர்வை காயாது. அச்சில் உள்ள ஏதாவது ஒரு வேதிப்பொருள் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், நாள் முழுக்க ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிசுபிசுவென்று ஒட்டுகிற, கெட்டியான அச்சாக இருந்தால் கைக்குழந்தைக்கு வேண்டாம். மெல்லிய எழுத்து மட்டும் இருப்பது பரவாயில்லை.

துணியில் போடும் அடையாளத்தால் கழுத்து புண்ணாவது லேபிளோடு தொடங்கிய கதையும் அல்ல. வெளுக்கப் போட்ட துணி யாருடையது என்று தெரிய, சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் காலர் உட்புறம் புள்ளியும் கோடுமாகக் குறி போடுவது நம் நாட்டு வழக்கம். சுண்ணாம்பு சேர்த்தால் கருப்பாகப் பிடித்துக்கொள்ளும், எத்தனை வெள்ளாவி வைத்தாலும் போகாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் முகாமிட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடரியிலும் இடுப்பிலும் சட்டென்று கொப்புளங்கள் கிளம்பின. மருத்துவர்கள் தேடிப் போனால், கொப்புளம் இருந்த இடமும் சலவைக்குறி இருந்த இடமும் ஒன்றாக இருந்தன. அவர்கள் ஊரில் காட்டில் தொட்டாலே அரிக்கும் ஒரு விஷக்கொடியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம். முந்திரியும் மாமரமும்கூட அதே குடும்பம்தான். கொடி பட்டு ஏற்கெனவே அலர்ஜிக்குத் தயாராக இருந்த உடம்பு, குறியைக் கண்டதும் கொதித்துவிட்டது. 1943இல் இது மருத்துவ இதழில் வந்தது.

இங்கே ஒரு வேறுபாடு முக்கியம். சேராங்கொட்டைக் கொப்புளம் உண்மையான அலர்ஜி. லேபிள் உறுத்தல் பெரும்பாலும் அப்படி அல்ல, உராய்வுதான். அலர்ஜி என்றால் சட்டையைக் கழற்றிய பிறகும் நாள் கணக்கில் நிற்கும், லேபிள் பட்ட கட்டத்தைத் தாண்டியும் பரவலாம். உராய்வுச் சிவப்பு சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கருநீலம், கருப்புப் பாலியஸ்டர் துணிகளில் உள்ள சில சாயங்கள் அலர்ஜி தருபவை என்று தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் முதுகில் பட்டை ஒட்டிச் சோதித்துச் சொல்வார்கள்.

பிடரியில் அரிப்பு என்றாலே லேபிளைக் குற்றவாளியாக்கவும் வேண்டாம். கவரிங் செயினில் உள்ள நிக்கல், தலைமுடியிலிருந்து வழியும் டை, படர்தாமரை, எல்லாமே அந்த ஒரு சாண் இடத்தில்தான் வேலையைக் காட்டும். கழுத்துப் பின்புறம் கறுத்து வெல்வெட் மாதிரி தடித்து, ஆனால் அரிப்பே இல்லை என்றால், அழுக்கு என்று தேய்க்காமல் மருத்துவரிடம் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். இன்னொரு வகை, லேபிளால் ஆரம்பித்துச் சொறிந்து சொறிந்தே தடித்துப்போன தோல். அந்தக் கட்டத்தில் லேபிளை எடுத்தாலும் அரிப்பு போகாது. சொறிவதால் தடிக்கும், தடித்ததால் அரிக்கும். அதற்கு மருந்து வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடுத்திய துணியைச் சில நிமிடத்தில் நம் மூளை மறந்துவிடும், இல்லாவிட்டால் நாள் முழுக்கச் சட்டையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்போம். சில குழந்தைகளுக்கு அந்த மறதி எளிதில் வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தொடுஉணர்வு அளவுக்கு மீறி இருக்கும். 2013இல் திருத்திய அமெரிக்க மனநல மருத்துவ வரையறையில் இந்தப் புலன்கூர்மையும் ஓர் அறிகுறியாகச் சேர்ந்துவிட்டது. ஆட்டிசம் இல்லாத குழந்தைகளிலும் இப்படி உண்டு. பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் சீருடையைக் கழற்றி எறிந்து அழும் பிள்ளையிடம், "எல்லாரும்தான போட்டுட்டுப் போறாங்க, உனக்கு மட்டும் என்னடா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. அவனுக்கு நிஜமாகவே குத்துகிறது. சட்டைக்குள்ளே ஒரு மெல்லிய பழைய கையில்லா பனியனைத் திருப்பிப் போட்டுவிட்டால், அதாவது தையலும் லேபிளும் வெளிப்பக்கம் இருக்கும்படி, பாதி நாட்களில் காலை அழுகை நின்றுவிடும். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், பாட்டி துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைக் கிழித்துச் சுற்றுவதற்கும் தோலளவில் இதே காரணம்தான்.

இனி லேபிளை எடுப்பது. வெட்டாதீர்கள், பிரியுங்கள். தையற்கடையில் பத்து இருபது ரூபாய்க்கு, கவைமுனையோடு பேனா மாதிரி ஒரு தையல் பிரிக்கும் கருவி கிடைக்கும். அது இல்லாவிட்டால் ஊசியும் சின்னக் கத்தரியும் போதும். பிளேடு வேண்டாம், பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஓடிக்கொண்டே போகும். முதலில் சட்டையை உள்புறம் திருப்பி, நல்ல வெளிச்சத்தில் லேபிளைத் தூக்கிப் பாருங்கள். எந்தத் தையல் அதைப் பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. கழுத்தை ஒட்டி ஒரு நாடாப்பட்டை ஓடி, அதன்மேல் லேபிளைத் தனியாக அடித்திருந்தால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு மூன்றாவது தையலையும் அறுத்துவிட்டு லேபிளை மெதுவாக இழுத்தால் முழுசாக வந்துவிடும், சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

அந்தப் பட்டைக்கும் துணிக்கும் நடுவில், அல்லது ஓரத்தைச் சுற்றிப் பின்னும் ஓவர்லாக் தையலுக்குள்ளேயே லேபிளைச் செருகி அடித்திருந்தால் பிரிக்கப் போகாதீர்கள், கழுத்தே திறந்துகொள்ளும். அப்போது இரண்டு வழி. லேபிளை முழு நீளத்தில் விட்டு, கீழ்முனையை உள்ளே மடித்து, நாலு பக்கமும் துணியோடு சேர்த்துப் பரத்தித் தைத்துவிடலாம், காலர் சட்டையில் இருப்பது போல. முதுகுப்பக்கம் தையல் தெரியாமல் இருக்க அதே நிற நூல் எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஏற்கெனவே வெட்டித் தொலைத்து முள்வேலி நிற்கிறது என்றால், பழைய வேட்டியிலோ நைந்த காட்டன் புடவையிலோ இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, ஓரங்களை மடித்து அதன்மேல் மூடித் தையுங்கள். துணியை மிருதுவாக்கும் கம்ஃபர்ட் மாதிரி திரவங்களில் ஊறவைத்தால் அச்சடித்த நாடா லேபிள்கள் கொஞ்சம் இளகலாம், உருகிய ஓரத்துக்கு அது பலிக்காது.

எடுத்த பிறகும் குத்தினால் நூலைப் பாருங்கள். சில ஆடைகளில் எந்த நிறத் துணிக்கும் பொருந்தட்டும் என்று, தூண்டில் நரம்பு மாதிரி கண்ணாடி நிற நைலான் நூலால் லேபிளை அடித்திருப்பார்கள். லேபிள் போன பின் அந்த நூலின் அரை மில்லிமீட்டர் முனை தையலில் நின்றுகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. முன்கையின் உட்புறத்தைக் கழுத்துத் தையல்மேல் மெதுவாக ஓட்டினால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் புருவம் பிடுங்கும் சாமணத்தால் பிடித்து இழுத்துவிடலாம். விலைச்சீட்டு மாட்டிய பிளாஸ்டிக் கொக்கியின் சின்னக் குறுக்குத்துண்டும் சிலசமயம் அக்குள் பக்கத் தையலில் இப்படி ஒளிந்திருக்கும்.

எறிவதற்கு முன் வாஷ்கேர் லேபிளை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அப்படிப் படம் எடுக்காமல் லேபிளை எறிந்த ஒரு ஸ்வெட்டர், இரண்டு துவைப்பில் சுருங்கி, மகனுக்கு வாங்கியது மகளுக்குச் சரியாக இருந்தது.